கபுகி பார்த்த மாலை

டோக்கியோவில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கும் என் நண்பர், தம் வீட்டுக்கு வரும் விருந்தாளிகளை ஃபூஜி மலைக்கு அனுப்பிவைப்பதைக் காட்டிலும், கின்ஸா பகுதியிலுள்ள கபுகி-சா நாடகசாலைக்குக் கையோடு அழைத்துச் செல்வதையே தம் உபசாரத்தின் உச்சமாகக் கருதுபவர். பாஷையில் ஓர் அக்ஷரமும் தெரியாத நான் அங்கே வந்து என்ன செய்வது என்று தயங்கியபோது, "கதை தெரியாதவர் அந்தக் கொட்டகையில் நீர் ஒருவராகத்தான் இருப்பீர், அதை ரயிலிலேயே சொல்லிவிடுகிறேன், புறப்படும்" என்று சொல்லிவிட்டார்.

1889இல் தோன்றிய அந்த நாடகசாலை, 1921இல் தீக்கிரையாகி, மீண்டும் கட்டிக்கொண்டிருந்தபோதே 1923ஆம் ஆண்டின் பூகம்பத்துக்கு ஆட்பட்டு, ஒருவாறு எழுந்து நின்ற பிறகு 1945இல் விமானக் குண்டுவீச்சில் எரிந்து, 1951இல் மறுபடியும் திறக்கப்பட்டது. அதையும் பிரித்துவிட்டு, பழைய முகப்பின் சாயல் கெடாமல் புதிதாக எழுப்பி 2013இல் திறந்தபோது, பின்புறம் 29 மாடிக் காரியாலயக் கட்டடம் ஒன்றும் சேர்ந்துகொண்டது. அந்தக் கட்டடத்தின்மேல் நண்பருக்குக் கோபம், எனக்கில்லை. அதன் வாடகை நாடகத்துக்குச் சோறு போடுமானால் இருந்துவிட்டுப் போகட்டுமே!

அன்று பார்த்தது 'கான்ஜின்சோ'. எடோ நகரத்தில் 1840இல் ஏழாம் இச்சிகாவா தான்ஜூரோ முதன்முதல் ஆடிய நாடகம் அது. தமையனுடைய கோபத்துக்குத் தப்பி ஓடும் யோஷிட்சுனே என்னும் பிரபு, சுமைகூலியாக வேஷம் பூண்டு, துறவிகளாக மாறிய தன் பரிவாரத்தோடு அதாக்கா சுங்கச்சாவடியைக் கடக்க வருகிறான். தோதாய்-ஜி ஆலயத் திருப்பணிக்கு நன்கொடை திரட்டுகிறோம் என்று சொன்ன தலைமைத் துறவி பெங்கேயிடம், அப்படியானால் நன்கொடைப் பத்திரத்தைப் படித்துக் காட்டு என்கிறான் காவலதிகாரி தொகாஷி. பத்திரமா, ஏது? பெங்கே ஒரு வெற்றுச்சுருளை எடுத்து விரித்து, எழுத்தே இல்லாத அந்தக் காகிதத்திலிருந்து, கம்பீரமான குரலில், சொல் தடுமாறாமல் 'வாசிக்க'த் தொடங்குகிறான். தொகாஷி மெல்ல அடியெடுத்து வந்து எட்டிப் பார்க்க, பெங்கே சட்டென்று சுருளை மார்போடு அணைத்துத் திரும்ப, இருவரும் அப்படியே சிலையாக உறைந்து நின்ற அந்தக் கணத்தில் பாஷை தெரியாத குறை எனக்குப் பறந்துபோயிற்று.

ஆயினும் கூலியாளின்மேல் சந்தேகம் விழுகிறது. அதைப் போக்குவதற்காகத் தன் எஜமானனையே பெங்கே தடிகொண்டு அடிக்கிறான். எந்த வேலைக்காரனும் தன் பிரபுவின்மேல் கை ஓங்கத் துணியமாட்டான் என்பதல்லவா அந்நாட்டு தர்மம்? உண்மையை உணர்ந்துகொண்ட தொகாஷி, தன் உயிருக்கே ஆபத்து என்று அறிந்தும் அவர்களை விட்டுவிடுகிறான். கண்ணீரை அடக்க முகத்தை மேலே உயர்த்தியபடி அவன் உள்ளே செல்லும் இடத்தில், பெங்கே வேஷக்காரரைவிட இவர்தாம் எனக்கு உயர்ந்த நடிகராகத் தோன்றினார். நண்பர் இதை ஒப்புக்கொள்ளவில்லை.

சபையின் நடுவே இடப்புறமாக நீண்டு செல்லும் 'ஹனமிச்சி' என்னும் நடைமேடைக்கு அருகில் எங்கள் ஆசனங்கள். திரை மூடிய பிறகு பெங்கே மட்டும் அதன்மேல் தனித்து நின்று, தலைவணங்கி, ஒற்றைக் காலில் தாவித் தாவிப் பாய்ந்து வெளியேறினார். கட்டை தாளம் படபடக்க, அவர் நெற்றியின் பூச்சிலே வேர்வை வழிந்த கோடுகள்கூடத் தெரிந்தன. அதே வேளையில் மேல்மாடியிலிருந்து ரசிகர்கள் நடிகருடைய குலப்பெயரைச் சொல்லி முழங்கினார்கள். ஒரு கணம் முந்தினாலும் பிந்தினாலும் அபஸ்வரமாகிவிடக்கூடிய அந்த முழக்கம், தாளம் தப்பாமல் விழுந்தது. நம் சங்கீத சபைகளிலே பல்லவி முடியும் முன்னே கைதட்டிவிடுகிறவர்களை அங்கே ஒரு மாதம் பயிற்சிக்கு அனுப்பலாம்.

அங்கே போகும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: நான்காம் மாடியில் ஓர் உருப்படிக்கு மட்டும் குறைந்த விலையில் டிக்கெட் கொடுக்கிறார்கள், முதன்முறை செல்பவர்களுக்கு அது போதும். 'கான்ஜின்சோ' என்றால் மட்டும் செலவைப் பாராமல் கீழே, நடைமேடையை ஒட்டி இடம் பிடியுங்கள். மேலிருந்து பார்த்தால் அந்தக் கடைசிப் பாய்ச்சலில் பாதி கண்ணில் படாது.