பொழுது சாய்ந்த பிறகு நூலகம்

வருஷந்தோறும் நவம்பர் 14-ந் தேதி பிறந்தால் நமது நூலகங்களுக்கெல்லாம் கல்யாணக் களை வந்துவிடுகிறது. 20-ந் தேதி வரை தேசிய நூலக வாரம். வாசலில் மாவிலைத் தோரணம், உள்ளே புத்தகக் கண்காட்சி, பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, பரிசளிப்பு. இது போக ஏப்ரல் 23-ல் உலகப் புத்தக தினம். ஆகஸ்ட் 12-ல் நூலகர் தினம். இவற்றுக்கு அச்சடிக்கிற அழைப்பிதழ் ஏதேனும் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். தலைமை யார், முன்னிலை யார், வாழ்த்துரை யார், நன்றியுரை யார் என்று வரிசையாகப் பெயர்கள் இருக்கும். அந்தப் பெயர்களைப் பற்றி நமக்கு வழக்கு ஒன்றுமில்லை. ஒரு மூலையில் சிறிய எழுத்தில் "காலை 10 மணி" என்றோ "காலை 11 மணி" என்றோ ஒரு வரி இருக்கிறதே, அதைப் பற்றித்தான் நமது வழக்கு!

காலை 11 மணிக்கு ராயப்பன்பட்டியில் யார் இருக்கிறார்கள்?

ஹைவேவிஸ் மலையடிவாரத்தில், சண்முகா நதி அணைக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர் அது. கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பூமி. கல்தூண் நட்டுக் கம்பி இழுத்துப் படரவிட்ட பந்தலுக்குக் கீழே குனிந்தபடி ஆணும் பெண்ணும் வேலை செய்துகொண்டிருக்கிற நேரம் அது. கவாத்து ஒரு பக்கம், மருந்தடிப்பு ஒரு பக்கம், கொத்து வெட்டிப் பெட்டியில் அடுக்குவது ஒரு பக்கம். பன்னீர் திராட்சைக்கு இந்தப் பள்ளத்தாக்கில் ஓய்வுக் காலம் என்று ஒன்று கிடையாது. வருஷம் முழுவதும் எங்கேனும் ஒரு தோட்டத்தில் காய்ப்பு இருந்துகொண்டே இருக்கும். நெல் வயல்காரர் வயலில் நிற்பார். இன்னொரு கூட்டம் இருக்கிறது. கிழக்கு வெளுக்குமுன் தூக்குச் சட்டியில் சோற்றைப் போட்டுக்கொண்டு, ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து, குமுளி வழியாகவும் கம்பம் மெட்டு வழியாகவும் போடி மெட்டு வழியாகவும் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குப் போகிற பள்ளத்தாக்குப் பெண்களின் கூட்டம். அவர்கள் திரும்பி வந்து அடுப்பு மூட்டும்போது விளக்கு வைத்தாகிவிடும்.

அப்படியானால் 11 மணி விழாவுக்கு மிஞ்சுவது யார்? உத்தியோகஸ்தர்கள், பென்ஷன் வாங்கும் பெரியவர்கள், வகுப்பிலிருந்து வரிசையாக அழைத்து வரப்பட்ட பள்ளிப் பிள்ளைகள். பாவம், அந்தப் பிள்ளைகள்! கைதட்டச் சொன்னால் கைதட்டுகிறார்கள். பிஸ்கட் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார்கள். "வாசிப்பை நேசிப்போம்" என்று ஐயா பிரசங்கம் செய்கிறபோது அலமாரியில் இருக்கும் படக்கதையை எட்டிப் பார்க்கக்கூட அவர்களுக்கு அனுமதி கிடைப்பதில்லை.

தோழர்களே, இது யாருடைய பணத்தில் நடக்கிற காரியம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். 1948-ல், சுதந்திரம் வந்த மறு வருஷமே, சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். அப்போது கல்வி மந்திரியாக இருந்தவர் அவினாசிலிங்கம் செட்டியார்; காங்கிரஸ்காரர். நல்ல காரியத்தை நல்ல காரியம் என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை. அந்தச் சட்டத்தின் உயிர்நாடி நூலக வரி. வீட்டு வரியோடு சேர்த்து வசூலிக்கப்படுகிற அந்த வரி, இன்று ரூபாய்க்குப் பத்துக் காசு. மாடி வீட்டுக்காரரும் கட்டுகிறார். ஓட்டு வீட்டுக்காரரும் கட்டுகிறார். ஏலத் தோட்டத்துக்குப் போகிற அம்மாளின் வீட்டு ரசீதைப் பிரித்துப் பார்த்தால் அதிலும் நூலக வரி என்று தனியே ஒரு தொகை இருக்கும். ஆகவே நூலகம் எந்தச் சீமானும் போட்ட பிச்சை அல்ல. எந்தச் சர்க்காரும் செய்த தானமும் அல்ல. முன்பணம் கட்டிய சொத்து! சொத்துக்காரி வேலைக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து அவள் வீட்டில் விழா நடத்துவது என்ன நியாயம்?

இந்த நியாயம் நாம் புதிதாகக் கண்டுபிடித்ததுமல்ல. அந்தச் சட்டத்துக்காக ஆண்டுக்கணக்கில் பாடுபட்ட எஸ்.ஆர். ரங்கநாதன், 1931-ல் நூலகத்துறைக்கென்று ஐந்து விதிகளை வகுத்தார். உலகமெங்கும் நூலகப் படிப்பில் இன்றைக்கும் முதல் பாடம் அவைதான். நான்காவது விதி வாசகனுடைய நேரத்தைப் பற்றியது. வாசகனின் நேரத்தை வீணாக்காமல் மிச்சப்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். பட்டணத்து மாணவன் அலமாரி அலமாரியாகத் தேடி அலையக் கூடாது என்பதோடு அந்த விதி நின்றுவிடுமா? ஒரு நாள் கூலியை இழந்தால்தான் நூலக வாசலை மிதிக்கலாம் என்றிருந்தால், அந்த விதி நம் ஊர் எல்லையில் செத்துக் கிடக்கிறது என்றுதானே அர்த்தம்?

அதே 1931-ல் மன்னார்குடியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கனகசபைப் பிள்ளை என்ற எஞ்சினீயர் ஒரு மாட்டு வண்டியில் புத்தகங்களை அடுக்கி, சுற்று வட்டாரக் கிராமங்களுக்கு அனுப்பி வைத்தார். நமது நாட்டில் நடமாடும் நூலகத்தைப் பற்றி எழுதுகிற எவரும் அந்த வண்டியைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய காலம் அது. ரோடு கிடையாது, கரண்டு கிடையாது. அப்படியிருந்தும், ஜனங்கள் நூலகத்துக்கு வர முடியாவிட்டால் நூலகம் ஜனங்களிடம் போகட்டும் என்று ஒரு மனிதருக்குத் தோன்றியிருக்கிறது. மாடு பூட்டிப் புத்தகம் அனுப்பிய நாட்டில், கடிகார முள்ளைக் கொஞ்சம் நகர்த்துவது அவ்வளவு பெரிய காரியமா?

நேரத்தின் அருமையை இந்தப் பள்ளத்தாக்கில் நன்றாக அறிந்தவர்கள் பொதுக்கூட்டக்காரர்கள்தான். அந்நாளில் எந்தக் கட்சிக் கூட்டமாவது காலை 11 மணிக்கு நடந்ததுண்டா? வேலை முடிந்து, குளித்து, ஒரு வாய் சாப்பிட்டு, துண்டை விரித்துப் போட்டு உட்கார்ந்த ஜனங்களிடம் இரவில்தான் பேசினார்கள். பக்கத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த பாவலர் வரதராசன் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனதும் அந்த இரவுகளில்தான். 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சிக்காக மலையேறிப் போய்த் தோட்டத் தொழிலாளர் மத்தியில் அவர் பாடியது சரித்திரம். கையெழுத்துப் போடத் தெரியாதவனுக்கும் உலக நடப்பு தெரிந்திருந்தது என்றால், அவன் பொழுதுக்கு ஏற்றபடி செய்தி அவனைத் தேடி வந்தது என்பதே காரணம். டீக்கடையில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்டதும் அந்த வகைதான். நூலகம் என்றால் வாய்மூடி இருக்க வேண்டும் என்கிற சட்டத்தை வாரத்தில் ஒரு மாலைக்காவது தளர்த்தினால் குடி முழுகிப்போய்விடாது!

மலைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். 1945-ல் அம்பலப்புழையில் 47 நூலகங்களை ஒன்று கூட்டித் திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கத்தை ஆரம்பித்தார் பி.என். பணிக்கர். அவர் மறைந்த ஜூன் 19-ந் தேதியைக் கேரளம் வாசிப்பு தினமாகக் கொண்டாடி வருகிறது. அங்கே கிராம நூலகத்தை நடத்துவது ஊர்க்காரர்கள் தேர்ந்தெடுத்த கமிட்டி. மாலையானால் நூலகத்தில் ஆள் கூடுகிறது; விவாதம் நடக்கிறது; பிள்ளைகளின் நாடகம் நடக்கிறது. நமது பெண்கள் தினமும் ஜீப்பில் அந்த மலைக்கு ஏறி இறங்குகிறார்கள். ஏலக்காய் வாசனை மட்டும்தான் அவர்களோடு இந்தப் பக்கம் இறங்கி வர வேண்டுமா? அந்தப் பழக்கமும் இறங்கி வந்தால் என்ன?

நம் பக்கத்திலும் காரியங்கள் நடக்காமல் இல்லை. சென்னையில் 2010-ல் அண்ணா நூற்றாண்டு நூலகம் எழுந்தது. மதுரையில் 2023-ல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் எழுந்தது. இரண்டும் தமிழன் பெருமைப்படத்தக்கவை. வீட்டுக்கே புத்தகம் கொண்டு சேர்க்கிற நூலக நண்பர்கள் திட்டமும் 2022-ல் அறிமுகமாயிற்று. ஆனால் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து பஸ் ஏறி மதுரைக்குப் போய்ப் படித்துவிட்டு வர எந்தக் கூலிக்காரருக்கு முடியும்? பளிங்கு மாளிகைக்கு ஆகிற செலவில் ஒரு சிறு துளி இருந்தால் போதும், ஊர்ப்புற நூலகத்தில் மாலை விளக்கு எரியும்.

சரி, மாலையில் கதவைத் திறந்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். என்ன நிகழ்ச்சி நடத்துவது? தலைப்புக்குப் பஞ்சமா இந்தப் பள்ளத்தாக்கில்!

ஜனவரி 15, பென்னிகுவிக் பிறந்த நாள். பள்ளத்தாக்கு விவசாயிகள் அவருக்காகப் பொங்கல் வைக்கிறார்கள். படத்துக்கு மாலை போடுவதோடு நிறுத்தாமல், அன்று மாலை பெரியாற்றின் கதையை முழுசாகச் சொல்லலாமே. 1886-ல் 999 வருஷத்துக்குக் குத்தகை எழுதப்பட்டதும், 1895-ல் அணை திறக்கப்பட்டதும், 1979-ல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டதும் எல்லோருக்கும் தெரிய வேண்டும். 142 அடி வரை தேக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட் 2006-ல் சொன்னது. 2014-ல் மறுபடியும் உறுதி செய்தது. இந்தப் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தின் தலையெழுத்து அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. தீர்ப்பு இருப்பதோ இங்கிலீஷில். ஒரு வக்கீலையும் ஒரு பாசன விவசாயியையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, பாரா பாராவாகத் தமிழில் சொல்லச் சொன்னால், அந்தக் கூட்டத்துக்கு ஆள் பிடிக்க வேண்டிய அவசியமே இராது.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டாசு வெடித்தோம். அந்தக் குறியீட்டை யார் போட்டுக்கொள்ளலாம், எப்படிப் பதிவு செய்வது, கூடுதல் விலை தோட்டக்காரர் கைக்கு வருமா, வியாபாரி கைக்குப் போகுமா, அதில் கொத்து வெட்டுகிற பெண்ணுக்கு ஏதேனும் உண்டா? கடைசிக் கேள்வியை எந்த அழைப்பிதழிலும் நாம் பார்த்ததில்லை. ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, கூப்பிடு தூரம். அங்கிருந்து ஒரு விஞ்ஞானி மாதம் ஒரு மாலை வந்து உட்காரட்டும். கேள்விகளை ஜனங்கள் கேட்பார்கள்.

2025 நவம்பர் 21 முதல் மத்திய சர்க்காரின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. 29 சட்டங்கள் அவற்றுக்குள் கரைந்துபோயின. 1951-ம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டமும் அதில் ஒன்று. மலைக்குப் போகிற பெண்களுக்கு இதை யார் படித்துச் சொல்வது? கங்காணியா சொல்வார்?

பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் மாலை ஒன்று, பெரியவர்கள் தங்கள் வாயால் ஊர்ச் சரித்திரம் சொல்ல, படித்த இளைஞர்கள் எழுதிக்கொள்ளும் மாலை ஒன்று என்று இன்னும் சேர்க்கலாம். சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்குப் படிக்கிற இளைஞர்கள் பல நூலகங்களில் பகலெல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் அங்கேயே இருக்கட்டும். அவர்களில் பாதிப் பேர் இந்த ஜீப் பெண்களின் பிள்ளைகள்தான்.

இங்கே ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்வி. "இரவு எட்டு மணி வரை நூலகத்தைத் திறந்து வைக்கச் சொல்கிறீர்களே, நூலகர் மனிதர் இல்லையா?" என்று கேட்பார்கள். நூலகரும் தொழிலாளியே. ஊர்ப்புற நூலகர்கள் சொற்ப ஊதியத்தில் வருஷக்கணக்காக உழைத்து, காலமுறை ஊதியம் கேட்டுக் கேட்டுக் குரல் கம்மிப் போனவர்கள். பலர் பெண்கள்; வேறு ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர்கள். அவர்கள் முதுகில் இன்னொரு மூட்டையை ஏற்றுவது நமது யோசனை அல்ல. மாலை நிகழ்ச்சி உள்ள நாளில் காலை நேரம் அவர்களுக்கு விடுப்பாக இருக்க வேண்டும். உதவிக்கு இன்னொரு ஆள் வேண்டும். கடைசி பஸ் போவதற்குள் கூட்டம் முடிய வேண்டும். காலமுறை ஊதியக் கோரிக்கையைச் சர்க்கார் இனியும் தள்ளிப் போடக் கூடாது. பணத்துக்கு எங்கே போவது என்று கேட்டால், வீட்டு வரியோடு வசூலித்த நூலகப் பங்கை உள்ளாட்சி மன்றங்கள் பாக்கி வைக்காமல் நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்கட்டும் என்பதே நமது முதல் பதில்.

இரண்டாவது, வாசகர் வட்டம். நூலகங்களில் இப்படி ஓர் அமைப்பு இருப்பது பலருக்குத் தெரியாது. நிகழ்ச்சிகளைத் திட்டமிட வேண்டியது அதுதான். அதில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தொண்டு பெரிது, வாழ்த்துகிறோம். ஆனால் பந்தலில் குனிந்து நிமிர்கிற ஒருவர், ஏலத் தோட்டத்துக்குப் போகிற ஒரு பெண், சேரித் தெரு இளைஞர் ஒருவர், இந்த மூவரும் அந்த மேஜையில் உட்கார்ந்தால், கூட்டம் எத்தனை மணிக்கு என்கிற கேள்விக்கு ஐந்து நிமிஷத்தில் விடை கிடைத்துவிடும்.

ராயப்பன்பட்டி மாதா கோயில் திருவிழா எப்போது என்று எவரையாவது எழுப்பிக் கேட்டால் தூக்கக் கலக்கத்திலும் சொல்வார்கள். சண்முகா நதி அணையில் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்பதும் காற்றோடு பரவிவிடும். நூலகத்தில் அடுத்து என்ன என்று கேட்டால் மட்டும் ஏன் விழிக்கிறார்கள்? நோட்டீஸை நூலகத்தின் உள் சுவரில் ஒட்டி, கதவைப் பூட்டிக்கொண்டு போனால் வேறென்ன நடக்கும்? வருகிற நூலக வாரத்துக்கு இன்றே நாள் குறித்து, "மாலை 7 மணி" என்று பெரிய எழுத்தில் போட்டு, முதல் நோட்டீஸை விடியற்காலையில் ஜீப் வந்து நிற்கிற இடத்தில் ஒட்டுங்கள். இரண்டாவது நோட்டீஸை டீக்கடையில் ஒட்டுங்கள். நூலகச் சுவருக்கு மூன்றாவது போதும்.