விட்டு விட்டு வரும் நடுக்கம்

எந்நேரமும் உள்ள குறையைக் கண்டுபிடித்தல் எளிது. வந்து வந்து மறையும் குறையே மனிதரை அலைக்கழிப்பது. வீட்டில் ஒருவருக்கு ஒன்றுவிட்ட நாட்களிற் காய்ச்சல் வருமாயின், வைத்தியரிடம் போகும் நாளில் உடம்பு குளிர்ந்து கிடக்கும். திரும்பி வந்த மறுநாள் நெருப்பாய்க் கொதிக்கும். பழைய மோட்டார் வண்டியில் விட்டு விட்டு வரும் நடுக்கமும் அத்தகையதே. கராச்சுக்காரர் ஏறி ஓட்டிப் பார்க்கும்போது வண்டி சாதுவாக ஓடும்; அவரை இறக்கிவிட்டு வீடு திரும்பும் வழியில் மீண்டும் நடுங்கத் தொடங்கும். இவ்வாரம் அந்நடுக்கத்தைப் பற்றியே நேயர்களுக்குச் சில சொல்ல விரும்புகின்றோம். நாம் பட்ட வெட்கத்தையும் மறைக்கப் போவதில்லை.

எம்மிடமுள்ளது 1098 கன சென்ரிமீற்றர் எஞ்சின் பூட்டிய மொறிஸ் மைனர் கார். எம் தந்தையார் வாங்கி ஓட்டியது. 1990 ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பெற்றோல் அரிதாகிவிட்ட காலத்தில், சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பியபின் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களுள் இதுவும் ஒன்று. அக்காலத்தில் அது எத்தனை நோயாளரை ஆசுபத்திரிக்கு ஏற்றிச் சென்றதென்று கணக்கில்லை. ஆகையால் எம் வீட்டார் அதனை வெறும் வண்டியாக எண்ணுவதில்லை.

சென்ற ஆண்டு இதற்கு நடுக்கம் கண்டது. வேகமானி மணிக்கு 40 மைலை நெருங்கும்போது, அதாவது ஏறத்தாழ 64 கிலோமீற்றரில், சில நாட்களில் மட்டும் உடம்பு முழுவதும் உதறும். வேறு நாட்களில் அதே வீதியில், அதே வேகத்தில் ஒன்றும் இராது. நடுக்கமென்றாற் சில்லுத்தான் என்று நாம் முடிவுகட்டிவிட்டோம். சில்லுகளைச் சமநிலை பார்ப்பித்தோம், போகவில்லை. முன்பக்கத்துக்கு இரண்டு புதிய ரயர் வாங்கினோம், போகவில்லை. ஸ்ரியறிங் மூட்டுகளை மாற்றினோம். பணம் போயிற்று, நடுக்கம் போகவில்லை.

இவ்வளவுக்கும் இடையில் எம் அன்னையார் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். மாதந்தோறும் கிளினிக்குக்குப் போகையில் அவர் பின் ஆசனத்தில் இருப்பது வழக்கம். "தம்பி, நான் ஏறுற நாளிலதான் இது நடுங்குது. என்னை ஏத்த அதுக்கு விருப்பமில்லைப் போல" என்றார். வீட்டில் எல்லோரும் சிரித்தோம். அடுத்த மாதம் அவர் எம்மிடம் ஒன்றும் கூறாது ஓட்டோ பிடித்துக் கிளினிக்குக்குப் போய்விட்டார். அதற்கு மேல் எமக்குச் சிரிப்பு வரவில்லை. காரை விற்றுவிடுவதென்று முடிவு செய்து, வாங்க வந்த ஒருவரோடு விலையும் பேசத் தொடங்கினோம்.

அப்போது உயர்தர வகுப்பிற் பௌதிகவியல் படிக்கும் எம் மகள் குறுக்கிட்டாள். "ஒரு கிழமை பொறுங்கோ அப்பா. விக்கிறதெண்டாலும் என்ன பிழையெண்டு சொல்லியெல்லோ விக்கவேணும்? தெரியாத வருத்தத்தை இன்னொருத்தற்றை தலையிலை கட்டுறதோ?" என்றாள். மறுமொழி சொல்ல எமக்கு வாய் வரவில்லை. அவள் ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்துக் கோடு கீறினாள்: திகதி, வேகம், கியர், அக்சிலேற்றரை அழுத்தியதா விட்டதா, எஞ்சின் குளிரா சூடா, வீதி ஈரமா காய்ந்ததா, யார் யார் எங்கே இருந்தனர். நடுக்கம் வந்த ஓட்டத்தை மட்டுமன்றி, வராத ஓட்டத்தையும் எழுதவேண்டுமென்பது அவள் விதித்த கட்டளை. வந்து போகும் நோய்க்கு அதுவே முதல் மருந்தென்பதை நாம் பின்னர் உணர்ந்தோம்.

வீதியில் இறங்குமுன் செய்யவேண்டியதொன்றுண்டு. சில்லு நட்டுகள் இறுக்கமாயுள்ளனவா, ரயரில் வீக்கமோ வெடிப்போ உண்டா என்று பார்த்தல் வேண்டும். மொறிஸ் மைனர் வைத்திருப்போர் முன்சில்லைத் தாங்கும் கீழ் மூட்டுக்குக் காலந்தவறாது கிறீஸ் அடிக்கப்பட்டதா என்றும் பார்க்கவேண்டும். அது தேய்ந்து கழன்றால் சில்லு மடிந்துவிடும். இவற்றுள் எதிலேனும் ஐயமிருப்பின் ஓட்டிப் பார்த்தலே கூடாது.

எம் பரிசோதனைக்குப் பளைக்கும் ஆனையிறவுக்கும் இடையிலுள்ள நேர்வீதியைத் தெரிந்து, சனநடமாட்டமில்லாத அதிகாலையிற் சென்றோம். கேட்கவேண்டிய கேள்விகள் நான்கு.

முதற் கேள்வி: நின்ற இடத்தில் நடுங்குமா? வண்டியை நிறுத்தி, கியரை நீக்கி, எஞ்சினை மெல்ல மெல்ல உறுமவிட்டோம். நடுக்கமில்லை. இருந்திருப்பின் எஞ்சினையோ, அதனைத் தாங்கும் இறப்பர்த் தாங்கிகளையோ, காற்றாடியையோ, உடம்பில் முட்டும் புகைக்குழாயையோ ஐயுறவேண்டும்.

இரண்டாம் கேள்வி: நடுக்கம் எஞ்சினின் வேகத்தைத் தொடருமா, வீதியில் ஓடும் வேகத்தைத் தொடருமா? இதனை அறியக் கியரை மாற்றினாற் போதும். எம் காரில் மூன்றாம் கியரில் எஞ்சின், நான்காம் கியரிற் சுழல்வதைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு வேகமாய்ச் சுழலும். குற்றம் எஞ்சினிலாயின், நான்காம் கியரில் 40 மைலில் வரும் நடுக்கம் மூன்றாம் கியரில் 28 மைலளவில் வந்துவிடவேண்டும். அப்படி வரவில்லை; எந்தக் கியரிலும் 40 மைலிலேயே வந்தது. ஆகவே எஞ்சின் குற்றமற்றது.

மூன்றாம் கேள்வி: எத்தனை விரைவான நடுக்கம்? இங்கேதான் மகளின் கணக்கு உதவிற்று. எம் காரின் ரயர் ஒருமுறை உருண்டால் ஏறத்தாழ 1.9 மீற்றர் செல்லும். 40 மைல் வேகத்திற் செக்கனுக்கு 18 மீற்றரளவு ஓடுகின்றோம். எனவே சில்லு செக்கனுக்கு ஒன்பது பத்து முறை சுழலும். கியர்ப்பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீண்ட இரும்புத் தண்டோ, சில்லு ஒருமுறை சுழல்வதற்குள் 4.22 முறை சுழலும்; அதாவது செக்கனுக்கு நாற்பது முறையளவு. சில்லின் நடுக்கம் குலுக்கலாய்த் தெரியும். தண்டின் நடுக்கம் வண்டு முரல்வதுபோற் பாதத்திலும் ஆசனத்திலும் ஊரும். மகள் தன் கைத்தொலைபேசியைக் காரின் தரையில் வைத்து, அதிர்வை அளக்கும் செயலியாற் பார்த்தாள். நாற்பதை ஒட்டியே காட்டிற்று. புதிய ரயர்களுக்கு நாம் கொடுத்த பணம் கண்முன்னே வந்து நின்றது.

நான்காம் கேள்வி: எப்போது வருகின்றது? ஒரு கிழமைக்குள் ஒன்பது ஓட்டங்கள் கொப்பியில் ஏறியிருந்தன. நான்கில் நடுக்கம் உண்டு; ஐந்தில் இல்லை. மழையும் வெயிலும் இரண்டு பக்கத்திலும் இருந்தன. குளிரும் சூடும் அவ்வாறே. ஒரேயொரு பத்தி மட்டும் பிசகாது பொருந்திற்று. நடுக்கம் கண்ட நான்கு ஓட்டங்களிலும் பின் ஆசனத்தில் ஆட்கள் இருந்தனர். காணாத ஐந்திலும் அது வெறுமையாய் இருந்தது. மேலும், அக்சிலேற்றரை அழுத்தி இழுக்கும்போது மிகுந்தது. காலை எடுத்துவிட்டாற் குறைந்தது.

உறுதி செய்வதற்காக மறுநாள் பின் ஆசனத்தில் இரண்டு அரிசி மூடைகளை ஏற்றிக்கொண்டு போனோம். நடுக்கம் வந்தது. மூடைகளை இறக்கி வைத்துவிட்டு ஓடினோம். வரவில்லை. எம் அன்னையார் சொன்னது எழுத்துக்கெழுத்து உண்மை.

காரணம் இதுதான். பின் ஆசனத்திற் பாரம் ஏறும்போது பட்டைவில்லுகள் அமுங்குகின்றன. காரின் உடம்பு பின் அச்சை நோக்கித் தாழ, இடையிலுள்ள தண்டின் சாய்வு மாறுகின்றது. அத்தண்டின் இரு முனைகளிலும் சிலுவை வடிவான மூட்டுகள் உண்டு. சிலுவையின் நான்கு நுனிகளிலும் ஊசிபோன்ற சிற்றுருளைகள் கிண்ணங்களுள் அடங்கியிருக்கும். கிறீஸ் வற்றினால் அவை தாம் இருந்த இடத்திலேயே தடம் பதித்துவிடும். பழகிய சாய்வில் அத்தடத்திற் கிடந்து அமைதியாய் ஓடும். சாய்வு மாறினாற் தடத்தைவிட்டு ஏறமாட்டாது சிக்கி அதிரும்.

எமக்கு நெடுநாட் பழக்கமுள்ள மெக்கானிக் ஐயா ஒருவர், சில்லுகளுக்குக் கட்டை வைத்து, காரை உறுதியான தாங்கிகளில் நிறுத்திய பின் அடியிற் புகுந்தார். ஜக்கை மட்டும் நம்பிக் காரின் கீழே எவரும் போகலாகாது. மாணவர்கள் இதனை மனத்திற் பதிக்கவேண்டும். அவர் பின்மூட்டைச் சுட்டிக் காட்டினார். கிண்ணத்தைச் சுற்றிச் செங்கற்பொடிபோலத் துருத்தூள். மூட்டின் இருபுறமும் பிடித்து எதிரெதிராய்த் திருகியபோது அது தளர்ந்து ஆடிற்று. தண்டைக் கழற்றுமுன் அதுவும் அச்சும் சேருமிடத்தில் இருபுறமும் அடையாளம் இட்டார்; கழற்றிய நிலையிலேயே திரும்பப் பூட்டாவிட்டாற் புதிய நடுக்கம் ஒன்று வரக்கூடும். மூட்டைத் திறந்தபோது ஊசிகள் சில தூளாகிக் கொட்டின. "இன்னும் கொஞ்சநாள் ஓடியிருந்தால் சாஃப்ற் றோட்டிலை விழுந்திருக்கும்" என்றார். அன்னையாரை ஏற்றிக்கொண்டு எத்தனை முறை அவ்வேகத்தில் ஓடினோமென்று எண்ணியபோது எம் உடம்பு நடுங்கிற்று. புதிய மூட்டின் விலை, இரண்டு ரயர்களுக்கு நாம் கொடுத்ததில் ஒரு சிறு பங்கே.

எல்லா நடுக்கத்துக்கும் இதுவே காரணமென்று நேயர்கள் கொள்ளலாகாது. காலையிற் புறப்பட்டதும் இருந்து, சில மைல் ஓடியபின் மறைவது, நின்ற நிலையிற் ரயர் தட்டையானதால் வருவது. மழைக்குப் பின் தோன்றிச் சில நாளிற் போவது, சில்லின் உட்புறத்தில் ஒட்டிய சேற்றினால் இருக்கலாம். பிறேக் அழுத்தும்போது மட்டும் வருவது, வட்டம் குலைந்த பிறேக் டிறம்மைக் காட்டும். கையில் ஸ்ரியறிங் உதறினால் முன்சில்லையும், இருக்கையும் தரையும் அதிர்ந்தாற் பின்பக்கத்தையும் முதலிற் பார்க்கலாம். நாளுக்கு நாள் கூடிவருமாயின், ஓட்டத்தை நிறுத்திவிட்டுச் சில்லு நட்டுகளைத் தொட்டுப் பாருங்கள்.

எது எவ்வாறாயினும், உதிரிப்பாகம் வாங்குமுன் ஒரு கொப்பி வாங்குங்கள். வராத நாளையும் எழுதுங்கள். வண்டியில் இருப்போர் சொல்வதைச் சிரித்துத் தள்ளாது அதையும் எழுதுங்கள். ஓட்டுபவர் உணராததைப் பின் ஆசனம் உணரும்.

கார் விற்கப்படவில்லை. அடுத்த கிளினிக் நாளில் அன்னையாரைக் கையைப் பிடித்து ஏற்றினோம். பளிங்குபோல் ஓடிற்று. வெகுநேரம் பேசாதிருந்தவர், ஆசுபத்திரி வாசலில் இறங்கும்போது, "இப்ப நான் இதுக்குப் பாரமில்லைப் போல" என்றார். "அதுக்கு நீங்கள் ஒருநாளும் பாரமில்லை அம்மா, நாங்கள்தான் கேளாமல் விட்டிட்டம்" என்றோம்.

மகளின் கொப்பி இன்றும் காரினுள்ளேயே கிடக்கின்றது.