ஆமாம்னு சொல்லிடு தம்பி

என் தம்பியின் வாயில் அந்தச் சொல்லை வைத்தவள் நான்தான். "ஆமாம்னு சொல்லிடு தம்பி, அபராதத்தைக் கட்டிட்டு வீட்டுக்குப் போயிரலாம்." கோர்ட் வராந்தாவில் அவன் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்துகொண்டே சொன்னேன். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் ஸ்டேஷன் ஏட்டு. "பெட்டி கேஸ்தாம்மா. வக்கீல் கிக்கீல்னு அலையாதீங்க. ஒத்துக்கிட்டா ரெண்டு நிமிஷம்."

ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பெயரைக் கூப்பிட்டார்கள். குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்டார்கள். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். அவனும் ஆட்டினான். அந்தத் தலையாட்டலுக்கு என்ன விலை என்று அங்கே இருந்த ஒருவராவது எங்களுக்குச் சொன்னாரா?

கோயில் கொடை முடிந்த ராத்திரி. குளத்துக் கரையில் நாலு பையன்கள். என் தம்பிக்கு 19 வயது. குடித்தான், கூச்சல் போட்டான், ரோந்து போலீஸிடம் அகப்பட்டான். தப்பே செய்யாதவன் என்று நான் வாதாட வரவில்லை. அன்றைக்கு அவன் மேல் அடித்த வாடையில் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆனால் அந்த பாட்டில் ஆகாயத்திலிருந்தா விழுந்தது? தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவர்களுக்கு மது விற்கக் கூடாது. விதி அது. கடையின் கம்பி வலைக்கு மேலே பலகையே தொங்குகிறது. அந்தப் பலகைக்குக் கீழேதான் கையை நீட்டி வாங்கியிருக்கிறான். மீசைகூடச் சரியாக அரும்பாத முகம். வயதைக் கேட்கவில்லை, ஆதாரைக் கேட்கவில்லை. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாகக் கேட்டார்களாம், அவ்வளவுதான். வழக்குக் காகிதத்தில் காலி பாட்டில் இருக்கிறது. அதை எடுத்துக் கொடுத்த கையைப் பற்றி ஒரு வரி இல்லை. எங்கே வாங்கினாய் என்று யாரும் அவனிடம் கேட்கவே இல்லை.

அந்த நாலு பேரில் ஒருவனுக்கு 17 வயது. பெற்றோரைக் கூப்பிட்டு அவனை அவர்களோடு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும், அவன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் அதன் விதிகளும் அப்படித்தான் சொல்கின்றன: சின்னத் தப்புக்காகச் சிறுவன் மேல் பொதுவாக எஃப்.ஐ.ஆர். போடக் கூடாது, அந்தத் தப்பு அவன் எதிர்காலத்துக்குத் தடையாக நிற்கவும் கூடாது. அதே சட்டத்தின் 77ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. சிறுவனுக்கு மது கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமும் உண்டு. அன்றைக்கு ராத்திரி அந்தப் பிரிவு எங்கே போய் ஒளிந்துகொண்டது?

என் தம்பியோ இரண்டுக்கும் நடுவில் மாட்டியவன். 18 தாண்டிவிட்டதால் சிறுவன் இல்லை. 21 ஆகாததால் வாங்கும் வயதும் இல்லை. குடிக்கத்தான் வயது போதாது, கூண்டில் ஏறப் போதுமாம்.

போலீஸ் வேலைக்குப் போக வேண்டும் என்பது அவன் ஆசை. விடியற்காலை நாலரை மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் ஓடுவான். நான் செல்போனில் நேரம் பார்ப்பேன். 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் ஓட வேண்டும். அவன் அதற்கு முன்பே முடித்துவிட்டு முழங்காலில் கையூன்றி என்னைப் பார்த்துச் சிரிப்பான். எழுத்துத் தேர்வில் தேறினான், கயிறு ஏறினான், எல்லாம் முடிந்தது. கடைசியில் போலீஸ் வெரிஃபிகேஷன். எந்தக் குற்ற வழக்கிலும் சம்பந்தப்படாதவனாக இருக்க வேண்டும் என்பது காவலர் பணி விதி. பட்டியலில் அவன் பெயர் இல்லை.

அதற்குப் பிறகுதான் ஒரு வக்கீலிடம் போனோம். அவர் காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பாரதிய நியாய சன்ஹிதா 355ஆம் பிரிவு. அதிகபட்சமே 24 மணி நேரச் சிறை, ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது சமுதாய சேவை. கோர்ட்டில் ஒரு வக்கீல் எழுந்து நின்று, பையனுக்கு 19 வயது, முதல் தப்பு, 1958ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டப்படி கண்டித்து அனுப்புங்கள் என்று கேட்டிருக்கலாமாம். அப்படி அனுப்பப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு சேராது என்று அந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. அதை வைத்தாவது வாதாட ஒரு வழி இருந்திருக்கும். வழக்கை நடத்தி ஜெயித்திருந்தால் என்று கேட்டேன். சந்தேகத்தின் பலன் என்று தீர்ப்பில் எழுதிவிட்டால் அதையும் வழக்கில் சம்பந்தப்பட்டதாகவே எடுத்துக்கொள்வார்களாம்.

அப்பீல் போகலாமா என்றேன். குற்றத்தை ஒத்துக்கொண்டு தண்டனை வாங்கியவர் தண்டனையின் அளவையும் அது சட்டப்படி சரியா என்பதையும் பற்றித்தான் அப்பீலில் பேச முடியும், குற்றமே செய்யவில்லை என்று பேச முடியாது என்றார். ஒரு தலையாட்டலில் அந்தக் கதவையும் சாத்திவிட்டோம்.

இதையெல்லாம் முன்னாலேயே எங்களுக்குச் சொல்ல வேண்டியவர் யார்? ஏட்டையாவா? கோர்ட் வாசலில் பெயர் கூப்பிட்டவரா? காவலில் இருக்கும் எவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987லேயே சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. அந்தச் சட்டம் எங்கள் ஊர் ஸ்டேஷன் வாசல் வரைக்கும் வந்து சேரவில்லை. வந்ததெல்லாம் "ஒத்துக்கோ, கிளம்பு" என்கிற ஒரே வாக்கியம்தான். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அதுதான் சட்ட ஆலோசனையா?

இப்போது அவன் ஒரு குடோனில் மூட்டை ஏற்றுகிறான். நாலரைக்கு இன்னும் விழிப்பு வந்துவிடுகிறது அவனுக்கு. திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான், மைதானத்துக்குப் போவதில்லை. "நீ சொன்னதாலதான்க்கா" என்று இதுவரை ஒரு தடவைகூட அவன் என்னிடம் சொன்னதில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளையின் தோளில் கை வைத்து ஒருவர் "ஒத்துக்கிட்டா ரெண்டு நிமிஷம்" என்று சொன்னால், அங்கேயே நில்லுங்கள். தலையை ஆட்டாதீர்கள். 15100 என்ற எண்ணுக்கு போன் போட்டு இலவச சட்ட உதவி வேண்டும் என்று கேளுங்கள். வக்கீல் வந்து பேசட்டும். அதுவரை பிள்ளையை வாய் திறக்க விடாதீர்கள்.