பயணப் பையில் ஒரு சிறு ரூட்டர்



ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் வந்துவிட்டால் புதுச்சேரியில் நம்மவர் வீடுகளுக்குப் பிரான்சிலிருந்து உறவினர் வருகை தொடங்கிவிடும். 1962-இல் இவ்வூர் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவு செய்துகொண்ட குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கோடை விடுமுறையைக் கழிக்க வருவர். கடந்த ஆண்டு என் தங்கை குடும்பத்தாரும் வந்தனர். நிக்காஹ் விருந்தினரால் எங்கள் வீடு நிறைந்திருந்தமையால், கடற்கரையை ஒட்டிய பழைய பிரெஞ்சு மாளிகை ஒன்றில் இயங்கும் விடுதியில் அவர்களுக்கு அறை எடுத்துத் தந்தேன். வைஃபை இலவசம் என்றார்கள்.

தங்கையின் மூத்த மகன் பள்ளிப் படிப்பை முடித்திருந்தான். பிரான்சில் 2018 முதல் ‘பார்கூர்சுப்’ என்னும் அரசு இணையதளம் வழியாகவே உயர்கல்விச் சேர்க்கை நடைபெறுகிறது. இடம் கிடைத்ததாகத் தகவல் வந்தால், குறித்த நாளில் பாரிஸ் நேரம் இரவு 11.59-க்குள் ஏற்பைத் தெரிவிக்க வேண்டும். தவறினால் இடம் போய்விடும். கோடையில் அது நமக்கு அதிகாலை 3.29. அன்று அவனுக்கு அந்தக் கெடு இருந்தது.

விடுதியின் நுழைவுப் பக்கமோ கைபேசி எண்ணைக் கேட்டது. பிரெஞ்சு எண்ணைக் கொடுத்தான். ஓடிபி வரவே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்திற்குள் 2017 ஜூன் முதல் ரோமிங் கூடுதல் கட்டணம் இல்லையென்றாலும் இந்தியாவுக்கு அச்சலுகை கிடையாது. ஆதலால் அவன் தந்தை எல்லோருடைய டேட்டாவையும் நிறுத்தி வைத்திருந்தார். வரவேற்பறையில் கேட்டபோது இரண்டு கருவிகளுக்கு மட்டுமே செல்லும் சீட்டு ஒன்றைத் தந்தனர். அவ்விரண்டையும் தம்பியும் தங்கையும் முன்னமே பிடித்துக்கொண்டார்கள். அதை ஒருவாறு விடுவித்தால், உள்ளறையில் சிக்னல் இல்லை. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு முழங்கை அகலத்திற்குக் கட்டிய சுவராயிற்றே! இரவு 2 மணிக்குத் தாழ்வாரத்து மாடிப்படியில் நின்று கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி ஏற்பை அனுப்பினான். “மாமு, போய்ச் சேர்ந்துவிட்டது” என்று அந்நேரத்தில் எனக்குத் தொலைபேசி செய்தான். நானும் உறங்கியிருக்கவில்லை.

அடுத்த பயணத்திற்குள் கையடக்க ரூட்டர் ஒன்று வாங்குவது என்று முடிவாயிற்று. எதை வாங்குவது என்று என்னைக் கேட்டனர். கலைப் பட்டம் பெற்ற எனக்கும் மின்பொறிக்கும் வெகுதூரம். ஆயினும் விசாரித்துக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்வோம். சிம் செருகும் ஜியோஃபை போன்ற கருவி வேறு, இது வேறு. இதில் சிம் இல்லை. விடுதியின் வைஃபையையோ சுவரிலுள்ள லேன் இணைப்பையோ பெற்று, நமக்கென ஒரு தனி வைஃபையை அறைக்குள் உண்டாக்கித் தருவதே இதன் வேலை. விடுதி 5 வேகம் கொடுத்தால் இது 50 ஆக்கித் தராது. பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டுள்ள வேக எண்ணைப் பார்த்து ஏமாறுவோர் மிகுதி.

பார்க்க வேண்டியது, அக்கருவி விடுதியின் நுழைவுப் பக்கத்தைக் கடக்குமா என்பதே. ‘விஸ்ப்’ அல்லது ‘ஹாட்ஸ்பாட்’ முறை என்று குறிப்பிட்டிருக்க வேண்டும். அம்முறையில் விடுதியின் கணக்கில் ரூட்டர் ஒன்றே கருவி. ஒருமுறை அதன் வழியே அறை எண்ணையும் பெயரையும் பதிந்துவிட்டால் குடும்பத்தார் அனைவரும் அதன் பின்னே அமர்ந்துகொள்ளலாம். வெறும் ‘எக்ஸ்டெண்டர்’ முறையில் ஒவ்வொரு கைபேசியும் தனித்தனியே விடுதியின் முன் நிற்கும்; அதனால் பயனில்லை. நுழைவுப் பக்கம் தோன்றாமல் அடம் பிடித்தால் விபிஎன், தனி டிஎன்எஸ் ஆகியவற்றைச் சற்று நிறுத்திப் பாருங்கள். அப்போதும் வராவிடில், கைபேசியில் பதிவு செய்துவிட்டு அதன் ‘மேக்’ முகவரியை ரூட்டருக்கு நகல் எடுக்கும் வசதி சிலவற்றில் உண்டு. இக்காலக் கைபேசிகள் வலையமைப்புக்கு ஏற்ப முகவரியை மாற்றிக் காட்டுவதால், விடுதி கண்ட முகவரியையே நகல் எடுத்தல் வேண்டும்.

அடுத்தது சுவர். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைச் சற்று ஊடுருவும். 5 கிகாஹெர்ட்ஸ் விரைவானது, ஆனால் சுவரிடம் தோற்றுவிடும். ஒரே அலையில் வாங்கி அதிலேயே கொடுக்கும் கருவியில் வேகம் ஏறத்தாழ பாதியாகிவிடும். ஆகவே இரண்டும் உள்ளதாக வாங்குவதே நலம். ஜி.எல்.ஐநெட் நிறுவனத்தின் ‘மேங்கோ’ சிறியது, ஆனால் 2.4 மட்டுமே. டிபி-லிங்க் டபிள்யூஆர்902ஏசி இரண்டும் கொண்டது. ஜி.எல்.ஐநெட்டின் ‘பெரில் ஏஎக்ஸ்’ வைஃபை 6 வகை. யுஎஸ்பி-சி வழியே மின்சாரம் பெறுவது. நான்கைந்து பேர் உள்ள குடும்பத்திற்கு இடையில் உள்ளதே போதும் என்று கூறினேன். மருமகன் பெரிதையே வாங்கினான். பிள்ளைகள் யாரைக் கேட்கிறார்கள்!

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு சொல். அறைக்குள் நம் வைஃபைக்கு நாமே கடவுச்சொல் வைக்கிறோம். ஆனால் ரூட்டரிலிருந்து விடுதி வரையிலான வழி அப்படியேதான் இருக்கிறது. ஆசியாவின் உயர்தர விடுதிகளில் தங்கியோருக்கு, வைஃபையில் இணைந்ததும் போலி மென்பொருள் புதுப்பிப்பைக் காட்டிக் கணினியில் புகுந்த கூட்டத்தைப் பற்றி 2014-இல் காஸ்பர்ஸ்கி நிறுவனம் ‘டார்க்ஹோட்டல்’ என்ற பெயரில் வெளிப்படுத்தியது. விடுதியில் இருக்கும்போது திடீரெனத் தோன்றும் எந்தப் புதுப்பிப்பையும் ஏற்காதீர்கள்.

ஓடிபி வராதவர்களுக்கும் வழி உண்டு. தொலைத்தொடர்புத் துறை 2009 பிப்ரவரியில் வைஃபை பயனர்களின் அடையாளத்தைப் பதியுமாறு உத்தரவிட்டபோது, குறுஞ்செய்தி மட்டுமன்றிப் புகைப்பட அடையாள அட்டையின் நகலையும் ஒரு முறையாக ஏற்றது. பாஸ்போர்ட் நகலைக் காட்டிப் பயனர் பெயர் தருமாறு வரவேற்பறையில் பணிவுடன் கேட்டுப் பாருங்கள்.

தங்கை கேட்ட ஒரு கேள்வி என்னைச் சற்று நிறுத்தியது. “இரண்டு கருவி என்று அவர்கள் சொல்லியிருக்க, ரூட்டரை வைத்து ஆறு கருவி ஓட்டுவது முறையா, அண்ணே?” கருவிக்கு இவ்வளவு என்று விலை வைத்து விற்கும் இடத்தில் அது முறையன்று; அறையோடு சேர்த்துத் தருமிடத்திலும் கேட்டுவிடுவதே ஒப்பந்தத்திற்கு அழகு என்றேன். இவ்வாண்டு வேறொரு விடுதியில் அவளே கேட்டாள். “ஓர் அறைக்குள் எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்” என்றதோடு, கட்டிலுக்குப் பின்னே மறைந்திருந்த லேன் துளையையும் காட்டினார் மேலாளர். அதில் செருகுவதற்கான வயர்தான் பையில் இல்லை. நேரு வீதியில் அலைந்து வாங்கி வந்தேன். ரூட்டர் வாங்குவோர் இரண்டு மீட்டர் வயரையும் சேர்த்தே எடுத்து வையுங்கள்.