நிலவைத் துளைக்கும் கரங்கள்!

விழுப்புரம் சந்திப்பிலே இரயில் நின்றால் இறங்கித் தேநீர் குடிப்போர் உண்டு. வண்டி மாறுவோர் உண்டு. இந்த ஊருக்கும் வான் நிலவுக்கும் என்னய்யா உறவு என்று கேட்டிருந்தால் சிரித்திருப்பர். 2023 ஆகஸ்ட் 23-ஆம் நாள் மாலை, அந்தச் சிரிப்பு நின்றது! சந்திரயான்-3 நிலவின் தென்முனைப் பக்கத்திலே இறங்கிற்று. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். இரயில்வே தொழிலாளியின் மகன். இரயில்வே பள்ளியிலே படித்தவர். இதே ஊரின் பாலிடெக்னிக்கிலே பட்டயம் பெற்றவர்.

பாராட்டினோம், பூரித்தோம். பாராட்டியதோடு கடமை முடிந்ததா? இல்லை, தோழர்களே! இறங்கிய கலம் அங்கே என்ன செய்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பத்து வெப்ப உணரிகள் பொருத்திய ஒரு கம்பியை நிலவின் மண்ணிலே இறக்கிற்று. மேலே ஏறத்தாழ 50 பாகை வெப்பம். 8 சென்டிமீட்டர் கீழே, உறைநிலைக்கும் 10 பாகை கீழே குளிர்! நான்கு விரற்கடை ஆழத்துக்குள் கோடையும் பனியும்! அந்தக் கம்பி எட்டக்கூடிய ஆழமோ 10 சென்டிமீட்டர்தான். அதற்கும் கீழே என்ன? பனிக்கட்டி உண்டா? செவ்வாயிலே, கதிர்வீச்சு எட்டாத ஆழத்திலே, உயிரின் சுவடு உண்டா? அதைத் தேடத்தான் 2 மீட்டர் துளையிடும் கருவியோடு ஓர் ஊர்தியை 2028-இல் செவ்வாய்க்கு அனுப்ப ஐரோப்பியர் திட்டமிட்டிருக்கின்றனர்.

ஆக, பறந்தால் மட்டும் போதாது; துளைக்கவும் வேண்டும்! துளைக்கும் வித்தையை உலகுக்குக் கற்றுக் கொடுத்தது எது? எண்ணெய்த் தொழில்! 1859-இல் அமெரிக்காவின் டைட்டஸ்வில்லில் 69 அடியிலே எண்ணெய் கண்டார்கள். இன்று மைல் கணக்கிலே இறங்குகிறார்கள். இறங்கும் குழாயை வளைத்துத் திருப்புகிறார்கள். பாறையின் தன்மையை மேலேயிருந்தபடியே அளக்கிறார்கள்.

அந்த எந்திரத்தை அப்படியே நிலவுக்குத் தூக்கிச் செல்லலாமே என்பீர்கள். முடியாது! எண்ணெய்க் கிணற்றிலே சேற்றுக் குழம்பை உள்ளே செலுத்தித்தான் உடைந்த பாறைத் தூளை மேலே கொண்டு வருகிறார்கள். பிட்டின் சூட்டையும் தணிக்கிறார்கள். காற்றே இல்லாத நிலவில் அந்தக் குழம்பின் நீர் ஆவியாகிப் போய்விடும். இங்கே 6 டன் கனக்கும் எந்திரம் அங்கே 1 டன்தான் அழுத்தும்; அழுத்தம் இல்லையேல் பிட் பாறையைக் கடிக்காது.

1971-இல் அப்பல்லோ-15 சென்றது. 3 மீட்டர் துளைக்கத் திட்டம். ஏறத்தாழ ஒன்றரை மீட்டரிலே ராடு நின்றுவிட்டது! காரணம்? ராடுகளின் இணைப்பிலே தூள் அடைத்துக் கொண்டது. மேலே வர வழியில்லை. மண்மாதிரி எடுக்க இறக்கிய மற்றொரு குழாயை இரண்டு வீரர்கள் தோள் கொடுத்து, மூச்சுமுட்ட இழுத்துத்தான் வெளியே எடுத்தனர். செவ்வாயிலே 5 மீட்டர் இறங்கச் சென்ற 'மோல்' என்னும் சம்மட்டிக் கருவி, 2019 முதல் தட்டித் தட்டிப் பார்த்தது. மண்ணிலே பிடிப்பு இல்லை. 2021 சனவரியில் கைவிட்டார்கள்.

தூள் வெளியே வந்தால்தான் துளை இறங்கும்! இந்த உண்மையைத் திண்டிவனத்துக் கரம்புக்காட்டிலே நள்ளிரவில் போர் போடும் தொழிலாளியைக் கேளுங்கள், சொல்வான். திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் ரிக் வண்டி இந்தியா முழுதும் ஓடுகிறது. கம்ப்ரசர் காற்றை உள்ளே அடித்து, தூளை வெளியே தள்ளி, கரும்பாறையைத் துளைக்கிறார்கள் நம் தோழர்கள். வட மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்த தோழர்களும் அவர்களோடு நிற்கிறார்கள். ராடு சிக்கப் போவதைச் சத்தத்தைக் கேட்டே சொல்லும் செவி அவர்களுடையது!

2025 மார்ச்சில் நிலவிலே இறங்கிய ஓர் அமெரிக்கக் கலம், வாயுவைப் பீய்ச்சி மண்ணை ஊதித் தள்ளியபடியே சுமார் 3 அடி இறங்கிற்று. ஊதித் தள்ளுவது! நம் ரிக் வண்டித் தோழன் நாள்தோறும் செய்வதற்கு நெருங்கிய உறவு அல்லவா அது? சந்திரயான் கலத்தைச் சோதித்துப் பார்க்க நிலவு மண்ணைப் போன்ற மண்ணுக்கு மூலப்பாறை கொடுத்ததும் அதே நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிதானே!

இங்கே ஒருவர் குறுக்கிடுவார்: "எண்ணெய்க் கிணறு வேண்டாமென்று மறித்தீர்களே, இப்போது அந்த வித்தையைப் புகழலாமோ?" என்று. மறித்தோம், மறுக்கவில்லை! 2018-இல் மரக்காணம் கடலோரத்தையும் சேர்த்து ஒரு தனியார் நிறுவனத்துக்கு ஒதுக்கினார்கள். 2019 சூனில் மரக்காணத்திலிருந்து இராமேசுவரம்வரை மக்கள் கைகோத்து நின்றார்கள். 2020-இல் வந்த வேளாண் மண்டலச் சட்டத்தின் பட்டியலிலே விழுப்புரம் மாவட்டம் சேர்க்கப்படவில்லை. திண்டிவனமும் எண்ணெய் தரும் ஊர்தான்: மல்லாட்டை எண்ணெய்! இங்குள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த ரகங்களுக்கு 'டி.எம்.வி.' என்று பெயர். அது திண்டிவனத்தின் பெயர். அந்த மண்ணைக் கேட்காமல் துளைக்காதே என்கிறோம். அரிவாளைப் பழிக்கவில்லை, அடுத்தவன் கதிரை அறுக்காதே என்கிறோம்.

வித்தை வேறு, அதை ஏவுகிற கை வேறு. எண்ணெய்க் கிணறுகள் என்றோ ஒருநாள் வற்றும். அன்று அந்த வித்தையும் அதைக் கற்ற தொழிலாளியும் எங்கே போவது? நீர் தேடவும், நில வெப்பம் எடுக்கவும், நிலவைத் துளைக்கவும் போகட்டும்!

அதற்கு என்ன வேண்டும்? விழுப்புரம், திண்டிவனம் தொழிற்பயிற்சி நிலையங்களிலே துளையிடும் தொழிலை ஒரு பாடமாக்குங்கள். பத்தாண்டு ரிக்கிலே நின்றவனின் அனுபவத்துக்குச் சான்றிதழ் கொடுங்கள். நியாயமான கூலியும், தூளிலிருந்து நுரையீரலைக் காக்கும் கவசமும் கொடுங்கள். விண்வெளிக் கருவி செய்வோர் அவனை அழைத்து, அருகே அமர்த்தி, கேட்கட்டும்.

இரயில் தொழிலாளியின் மகன் நிலவிலே கலத்தை இறக்கினார். ரிக் தொழிலாளியின் மகள் அதைத் துளைக்கட்டும்! பாதை வானத்திலே இல்லை, தோழர்களே; பள்ளிக்கூட வாசலிலே இருக்கிறது. அந்த வாசலை அகலத் திறப்போம்!