பாதத்துக்கு யார் டாக்டர்?

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஆஸ்பத்திரிகளுக்குக் குறைவில்லை. கண்ணுக்கு ஒரு டாக்டர், காதுக்கு ஒரு டாக்டர், பல்லுக்கு ஒரு டாக்டர் என்று பலகைகள் தொங்குகின்றன. ஆனால் சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் உள்ளங்காலில் கொப்புளத்தோடு வந்தால், எந்தப் பலகையைப் பார்த்து உள்ளே நுழைவது? சிலர் சர்க்கரை டாக்டரிடம் போகிறார்கள். சிலர் ஆபரேஷன் டாக்டரிடம் போகிறார்கள். வேறு சிலர் எங்குமே போவதில்லை. வலிக்கவில்லையே, எதற்குப் போக வேண்டும் என்று இருந்துவிடுகிறார்கள்.

வலி இல்லாததுதான் ஆபத்து! சர்க்கரை வியாதி நாளடைவில் காலின் உணர்ச்சி நரம்புகளைக் கெடுக்கிறது. முள் குத்தினாலும் தெரியாது. செருப்பு கடித்தாலும் தெரியாது. புண் சீழ் பிடித்து எலும்பு வரை இறங்கிய பிறகுதான் விஷயம் வெளியே வரும். அப்போது விரலையோ காலையோ எடுக்க நேரிடலாம். இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாக 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு கூறியது.

இந்தக் கால்களைக் கவனிக்க மேல்நாடுகளில் தனித் தொழிலே உண்டு. அவர்களுக்கு 'போடியாட்ரிஸ்ட்' என்று பெயர். பாத வைத்தியர் என்று நாம் சொல்லலாம்.

இரண்டு சர்டிபிகேட்

அமெரிக்காவில் பாத வைத்தியர்களுக்குப் பரீட்சை வைத்துச் சான்றிதழ் தரும் முக்கிய வாரியங்கள் இரண்டு. ஒன்று பாத மருத்துவத்துக்கு. மற்றொன்று பாதம், கணுக்கால் ஆபரேஷனுக்கு. முதல் வாரியம், ஆபரேஷனுக்கும் நாங்கள் சான்று தருகிறோம் என்று கிளம்பியது. சச்சரவு முற்றியது. எந்தப் பரீட்சை பெரிது, தொழிலுக்கு யார் தலைமை என்று வாதாடினார்கள். இதில் எந்தச் சான்று வைத்திருப்பவர் கையில் காலைக் கொடுப்பது என்று நோயாளிக்கு எப்படித் தெரியும்?

நம் நாட்டிலும் அந்தச் சண்டைக்கு விதை இருக்கிறது. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தின் பட்டியலில் பாத வைத்தியரும் இடம்பெற்றார். கவுன்சில், பதிவேடு, படிப்பு முடிந்ததும் பரீட்சை எல்லாவற்றுக்கும் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் மாநிலங்கள் மெத்தனமாக இருந்தன. 2024-இல் சுப்ரீம் கோர்ட்டே கெடு வைக்க வேண்டியதாயிற்று.

பிசியோதெரபிஸ்டுகள் கதை தெரிந்ததுதான். அவர்கள் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போடக்கூடாது என்று 2025 செப்டம்பர் 9-ஆம் தேதி மத்திய சுகாதாரத் துறையிலிருந்து கடிதம் வந்தது. மறுநாளே அதை நிறுத்திவைத்தார்கள்! ஒரு எழுத்துக்கே இத்தனை கலவரம் என்றால், தலைமைப் பதவிக்கு எவ்வளவு நடக்கும்?

கொல்லிமலைப் பிள்ளை

உணர்ச்சியற்ற கால் எப்படிக் கெடுகிறது என்று உலகத்துக்குக் காட்டியவர்களில் ஒருவர் நம் கொல்லிமலையில் பிறந்தவர். அவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-இல் வெள்ளைக்காரப் பாதிரியார் குடும்பத்தில் பிறந்தார். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். குஷ்டரோகிகளின் விரல்கள் நோயினால் தாமாக அழுகி விழுவதாக ஜனங்கள் நம்பிய காலம் அது. வலி தெரியாததால் காயம் மேல் காயம் பட்டே அவை தேய்கின்றன என்று அவர் கண்டறிந்தார். பிற்பாடு அமெரிக்கா சென்றார். அதே பாடம் சர்க்கரை வியாதிக்காரரின் காலுக்கும் உதவியது.

அவர் எலும்பு டாக்டர். பாத வைத்தியர் என்ற பட்டம் அவருக்கு இல்லை. ஆபரேஷனோடு வேலை முடிந்தது என்று அவர் நினைக்கவில்லை. மெத்தென்ற செருப்பு வரை கவனித்தார். செருப்புத் தைப்பவரின் கை இல்லாமல் அந்த வைத்தியம் நிறைவேறியிருக்காது.

ஆகவே, இங்கே வரப்போகும் பரீட்சை ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். எழுத்துப் பரீட்சை மட்டும் போதாது. பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையை உள்ளங்காலில் வைத்து உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கணுக்காலில் நாடி பிடிக்கத் தெரிய வேண்டும். எந்தப் புண்ணைத் தானே கவனிக்கலாம், எதை உடனே சர்ஜனிடம் அனுப்ப வேண்டும் என்று தயங்காமல் சொல்ல வேண்டும்.

தலைவர் நாற்காலி எலும்பு டாக்டருக்கா, சர்க்கரை டாக்டருக்கா, பிசியோதெரபிஸ்டுக்கா என்ற கேள்வி எழத்தான் செய்யும். எழட்டும். அது தீரும் வரை பரீட்சையைக் கிடப்பில் போடக்கூடாது. அரசு ஆஸ்பத்திரியில் பத்து வருஷம் புண்ணுக்குக் கட்டுப் போட்ட நர்சுக்கும் அந்தப் பரீட்சையில் உட்கார இடம் வேண்டும். பாஸ் செய்தவரின் பலகையில், அவர் என்ன வைத்தியம் செய்வார், எதைச் செய்யமாட்டார் என்று பெரிய தமிழ் எழுத்தில் எழுதியிருக்க வேண்டும்.