சட்டம் போடும் நாளுக்கு முன்பே எங்களைக் கேளுங்கள்

கண்ணமங்கலம் – ஜவ்வாதுமலை வட்டார மக்களின் கோரிக்கைச் சாசனம்

ஜவ்வாதுமலையிலிருந்து இறங்கும் நாகநதி பாய்ந்து வரும் ஊர் கண்ணமங்கலம். மலையில் மழை பெய்தால் எங்கள் கிணறுகளில் நீர் ஊறும். மலையில் விளைந்தால் எங்கள் கடைத்தெருவுக்குச் சாமையும் புளியும் சீத்தாப்பழமும் வரும். மேலே வாழும் மலையாளிப் பழங்குடி மக்களும் அடிவாரத்தில் வாழும் நாங்களும் ஒரே காட்டை நம்பிப் பிழைக்கிறவர்கள். அந்தக் காட்டின் தலையெழுத்தை டெல்லியில் ஒரு நாள் கூட்டம் முடிவு செய்கிறது. அந்த நாள் எப்படி நடக்கவேண்டும், அதற்கு முன்னும் பின்னும் எங்களுக்கு என்ன வந்து சேரவேண்டும் என்பதை இந்தச் சாசனத்தில் எழுதியிருக்கிறோம். நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கும், மத்திய, மாநில அரசுகளுக்கும், ஆரணி, திருவண்ணாமலை, வேலூர் தொகுதிகளின் மக்களவை உறுப்பினர்களுக்கும் இதை அனுப்புகிறோம். மலையும் அடிவாரமும் இந்த மூன்று தொகுதிகளில் பிரிந்து கிடப்பதால் மூவருக்குமே பொறுப்பு உண்டு.

இரண்டு நாட்களை நினைவில் வைத்துப் பேசுகிறோம். 2006 டிசம்பர் 15 அன்று மக்களவை வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டது என்பதை அந்தச் சட்டம் தன் முகப்பிலேயே ஒப்புக்கொண்டது. 2023 ஜூலை 26 அன்று அதே மக்களவை, மணிப்பூர் வன்முறை குறித்த முழக்கங்களுக்கு நடுவே, 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்துக்கான திருத்தத்தை நிறைவேற்றியது. மாநிலங்களவை ஆகஸ்ட் 2 அன்று அதை ஏற்றது. அந்த ஜூலை 26 அன்று எங்கள் டீக்கடையில் ஒருவர் கைப்பேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து அவை நடப்பதைப் போட்டுக் காட்டினார். பதாகைகள் ஆடின, கூச்சல் கேட்டது, அவைத் தலைவர் இருக்கையிலிருந்து 'ஆம்' என்போர், 'இல்லை' என்போர் என்று கேட்டார்கள். நிறைவேறியது என்று அறிவித்தார்கள். புளி மூட்டையோடு பஸ்ஸுக்குக் காத்திருந்த மலைக்காரப் பெரியவர் எட்டிப் பார்த்து, "இன்னா சட்டம்பா இது? நம்ம மலைக்கும் உண்டா?" என்று கேட்டார். கடையில் இருந்த ஒருவராலும் அவருக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

எங்கள் முதல் கோரிக்கை அந்தப் பெரியவரின் கேள்வியிலிருந்து வருகிறது. நிலம், காடு, நீர், கூலி ஆகியவற்றைத் தொடும் எந்த மசோதாவும் அவையில் வைக்கப்படுவதற்கு முன்பே தமிழில் எங்கள் கைக்கு வரவேண்டும். ஊராட்சி அலுவலகத்திலும் பேரூராட்சி அலுவலகத்திலும் 30 நாளாவது அது கிடைக்கவேண்டும். சட்ட முன்வரைவை 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும் என்று மத்திய அரசே 2014இல் முடிவு செய்துவிட்டது. அது வெறும் கொள்கையாக இருப்பதால் வேண்டும்போது கடைப்பிடிக்கிறார்கள், வேண்டாதபோது விட்டுவிடுகிறார்கள். அதைச் சட்டமாக்குங்கள். மொழி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். 2023 திருத்தத்துக்குப் பின் வனப் பாதுகாப்புச் சட்டத்தின் பெயர் ஆங்கிலப் பிரதியிலும் 'வன் சன்ரக்ஷண் ஏவம் சம்வர்தன் அதினியம்' என்றே இருக்கிறது. எங்களை ஆளும் சட்டத்தின் பெயரையே எங்களால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. அதிகாரபூர்வமான தமிழ்ப் பெயரும் தமிழ்ப் பிரதியும் சட்டம் நடைமுறைக்கு வரும் அதே நாளில் வெளிவரவேண்டும்.

இரண்டாவது, இத்தகைய மசோதா ஒவ்வொன்றும் நாடாளுமன்றக் குழுவின் ஆய்வுக்குக் கட்டாயம் போகவேண்டும், அந்தக் குழு மலைக்கு வந்து கேட்கவேண்டும். குழுவால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று வன உரிமைச் சட்டமே. 2005 டிசம்பர் 13 அன்று அது அறிமுகமானபோது, 1980 அக்டோபர் 25க்கு முன்பிருந்தே காட்டில் இருந்தவர்களுக்கு மட்டும், பழங்குடிகளுக்கு மட்டும் என்று இருந்தது. கிஷோர் சந்திர தேவ் தலைமையிலான கூட்டுக்குழு மாதக்கணக்கில் பலரையும் கேட்டது, 2006 மே மாதம் அறிக்கை தந்தது. கடைசித் தேதி 2005 டிசம்பர் 13 என்று ஆனது. பழங்குடி அல்லாத, மூன்று தலைமுறையாகக் காட்டை நம்பி வாழ்ந்தவர்களும் உள்ளே வந்தார்கள். ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளக்கூடிய நிலத்தின் உச்சவரம்பும் இரண்டரை ஹெக்டேரிலிருந்து நான்கு ஹெக்டேராக உயர்ந்தது. குழு கேட்ட கேள்விகளால் இவ்வளவு மாறியது. 2023 திருத்தமும் ஒரு கூட்டுக்குழுவுக்குப் போனது. ஆனால் சுற்றுச்சூழலுக்கென்றே இருக்கும் நிலைக்குழுவைத் தாண்டிப் போனது. எந்த மாற்றமும் பரிந்துரைக்காமல் ஜூலை 20 அன்று அறிக்கை வந்தது, ஆறே நாளில் மக்களவையில் நிறைவேறியது. அந்தக் குழுவிலேயே சில உறுப்பினர்கள் எழுதிவைத்த மறுப்புரைகளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இது ஒரு மசோதாவுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 15ஆவது மக்களவையில் 100 மசோதாக்களில் 71 குழுவுக்குப் போயின. 17ஆவது மக்களவையில் அது 16 ஆகிவிட்டது. மக்களைக் கேட்காமல் சட்டம் போட்டால் நீதிமன்றம் தடுக்கும் நாடும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் 2006இல், நம் வன உரிமைச் சட்டம் வந்த அதே ஆண்டில், நாட்டு வைத்தியர்கள் தொடர்பான ஒரு சட்டத்தை அரசியல் சாசன நீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. மக்கள் பங்கேற்பதற்கு அவை போதிய வழி செய்யவில்லை என்பதே காரணம். பதினெட்டு மாதத்துக்குள் முறையாக மறுபடி இயற்று என்று நாடாளுமன்றத்துக்கே கெடு வைத்தது. நம் நாட்டிலும் அந்த முறை வரவேண்டும் என்று கேட்கிறோம். கேட்காமல் போட்ட சட்டம் எங்கே போய் நிற்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2023 திருத்தம் எழுப்பிய, எது காடு என்ற கேள்வி, அவையில் தீராமல், உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்த நீதிமன்றம் 1996 டிசம்பர் 12 தீர்ப்பில் சொன்ன பொருளிலேயே காடு என்பதைக் கொள்ளவேண்டும் என்று 2024 பிப்ரவரியில் இடைக்கால உத்தரவு வந்தது.

மூன்றாவது, நிறைவேறும் நாளில் எண்ணி வாக்கெடுங்கள். குரல் வாக்கெடுப்பில் யார் ஆம் என்றார், யார் இல்லை என்றார், யார் வெளியே நின்றார் என்பதற்குப் பதிவே கிடையாது. 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்களுக்கு எண்ணி வாக்கெடுக்கக் கேட்டார்கள், நடக்கவில்லை. விவசாயிகளின் ஓராண்டுப் போராட்டத்துக்குப் பின் 2021 நவம்பர் 29 அன்று அந்தச் சட்டங்களைத் திரும்பப் பெற்றபோதும் விவாதம் இல்லை. 2023 டிசம்பர் 20 அன்று மூன்று குற்றவியல் மசோதாக்கள் மக்களவையில் நிறைவேறியபோது இரு அவைகளிலுமாக 140க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இடைநீக்கத்தில் இருந்தார்கள். நாங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர் அந்த நேரத்தில் அவையில் இருந்தாரா, என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்வது எங்கள் உரிமை. ஒவ்வொரு மசோதாவின் இறுதி வாக்கும் உறுப்பினர் பெயரோடு பதிவாகவேண்டும். இதற்குப் பணமும் வேண்டாம், புதுக் கட்டடமும் வேண்டாம். வாக்குப் பொத்தான் ஒவ்வொரு இருக்கையிலும் இருக்கிறது.

நான்காவது, அவை கூடும் நாட்களைக் கூட்டுங்கள். 17ஆவது மக்களவை ஐந்தாண்டில் 274 நாள்தான் அமர்ந்தது. முதல் மக்களவை அமர்ந்ததில் பாதிகூட இல்லை. மக்களவை ஆண்டுக்குக் குறைந்தது 120 நாள், மாநிலங்களவை 100 நாள் கூடவேண்டும் என்று அரசியல் சாசனச் செயல்பாட்டு மறுஆய்வு ஆணையம் 2002இலேயே சொல்லிவிட்டது. அவையை நடத்தும் பதவிகளையும் காலியாக விடாதீர்கள். துணை சபாநாயகரைக் கூடிய விரைவில் தேர்ந்தெடுக்கவேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 93ஆவது பிரிவு சொல்கிறது. 16ஆவது மக்களவையில் கரூர் உறுப்பினர் தம்பிதுரை வகித்த அந்தப் பதவி, 17ஆவது மக்களவையின் முழுக்காலமும் காலியாகவே கிடந்தது.

ஐந்தாவது கோரிக்கையை எங்கள் மூன்று உறுப்பினர்களிடம் நேரடியாக வைக்கிறோம். ஒவ்வொரு கூட்டத்தொடருக்கும் முன்பு ஒருமுறை மலையில் உள்ள ஜமுனாமரத்தூரிலும் ஒருமுறை கண்ணமங்கலத்திலும் மக்களைச் சந்தியுங்கள். வரப்போகும் மசோதாக்களைச் சொல்லுங்கள், எங்கள் கருத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தொடர் முடிந்ததும் வந்து, என்ன பேசினீர்கள், எப்படி வாக்களித்தீர்கள் என்று கணக்குச் சொல்லுங்கள். மலையில் இருப்பவை கிராம ஊராட்சிகள், அவற்றுக்குக் கிராம சபை உண்டு. கண்ணமங்கலம் பேரூராட்சி என்பதால் இங்கே கிராம சபை கிடையாது. வார்டு தோறும் பகுதி சபையைக் கூட்டி அதே உரிமையை எங்களுக்கும் கொடுக்கவேண்டும். இரண்டிலும் எடுக்கப்படும் தீர்மானங்களுக்கு எழுத்தில் பதில் வரவேண்டும்.

இனி, ஏற்கெனவே நிறைவேறிய சட்டத்துக்கு வருகிறோம். எங்களுக்கு அதிகமாக வலிப்பது இதுதான். வன உரிமைச் சட்டம் நாட்டில் நடைமுறைக்கு வந்த சில மாதங்களிலேயே, 2008இல், சென்னை உயர் நீதிமன்றத்தில் இடைக்கால உத்தரவு வந்து தமிழ்நாட்டில் உரிமைப் பட்டா கொடுப்பது நின்றது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை விலக்கியது. நடுவில் போன எட்டு ஆண்டுகளை யாரும் திருப்பித் தரவில்லை. மனு கொடுத்தபோது கை நிறைய கம்பு அறுத்த பெரியவர்கள் பலர் இன்று இல்லை. ஒரு மலைவீட்டில் பாலித்தீன் பையைப் பிரித்துக் காட்டினார்கள். ரேஷன் கார்டு, சாதிச் சான்று, அவற்றின் நடுவே நான்காக மடித்த ஒப்புகைச் சீட்டு. மடிப்பு விழுந்த இடத்தில் காகிதம் கிழிந்து, தேதி இருந்த இடத்தில் ஒட்டுத்தாள் போட்டிருந்தார்கள். நிலுவையில் உள்ள எல்லாத் தனிநபர் மனுக்களையும் சமூக உரிமை மனுக்களையும் ஆறு மாதத்துக்குள் தீர்த்து வைக்கவேண்டும் என்பது எங்கள் ஆறாவது கோரிக்கை. மறுப்பதானால் காரணத்தைத் தமிழில் எழுதிக் கொடுக்கவேண்டும். மேல்முறையீடு செய்யும் வழியையும் அதே தாளில் சொல்லவேண்டும்.

அதே சட்டத்தின் 3ஆவது பிரிவின் 2ஆவது உட்பிரிவைப் படித்தவர்கள் குறைவு. பள்ளி, மருத்துவமனை, அங்கன்வாடி, ரேஷன் கடை, மின்கம்பி, குடிநீர்க் குழாய், சாலை என்று 13 வகை வசதிகளுக்குக் காட்டு நிலத்தைத் தரலாம் என்கிறது அது. ஓரிடத்தில் ஒரு ஹெக்டேருக்குள் இருக்கவேண்டும், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது, கிராம சபையின் பரிந்துரை வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. 2006இல் அவை இதை நிறைவேற்றியது. அப்படியும், 2023 மே மாதம், எங்களுக்கு அண்டையில் உள்ள வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. நல்ல சாலை இல்லாத அந்த மலையிலிருந்து இறக்கிக் கொண்டுபோவதற்குள் குழந்தை இறந்துவிட்டது. திரும்பும்போது ஆம்புலன்ஸ் பாதை முடிந்த இடத்தோடு நின்றது. தாய் பிள்ளையின் உடலைச் சுமந்துகொண்டு மலையேறினார். தமிழ்நாடு முழுவதும் அந்தச் செய்தியைப் படித்தது. ஏழாவது கோரிக்கையாகக் கேட்கிறோம்: சாலை இல்லாத குக்கிராமங்களின் பட்டியலை மூன்று மாதத்தில் வெளியிடுங்கள், இந்த உட்பிரிவின் கீழ் கிராம சபைகளைக் கூட்டித் தீர்மானம் வாங்குங்கள், அடுத்த மழைக்காலத்துக்கு முன் வேலையைத் தொடங்குங்கள். இதில் மட்டும் ஒரு நாள் தாமதத்தையும் ஏற்கமாட்டோம்.

எட்டாவது, காட்டு விளைபொருளுக்கு உரிமையும் விலையும். புளி, தேன், கடுக்காய் போன்ற சிறு வனப்பொருட்களைச் சேகரித்து விற்கும் உரிமையை வன உரிமைச் சட்டம் தந்திருக்கிறது. குறைந்தபட்ச ஆதரவு விலைத் திட்டமும் மத்திய அரசிடம் இருக்கிறது. கொள்முதல் நிலையம் ஒன்று மலையிலும் ஒன்று கண்ணமங்கலத்திலும் அறுவடைக் காலம் முழுவதும் திறந்திருக்கவேண்டும். விலை கிடைக்காதபோது என்ன நடக்கிறது என்பதையும் பார்த்துவிட்டோம். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல் துறை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக்காரர்கள், எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகளும் அதில் உண்டு. செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றது போலீஸ். கூலிக்குப் போனவர்கள் என்கின்றன குடும்பங்கள். எப்படிப் பார்த்தாலும், உள்ளூரில் புளிக்கும் சாமைக்கும் நியாயமான விலை கிடைத்திருந்தால் இத்தனை பேர் மாநில எல்லை தாண்டி உயிரைப் பணயம் வைத்திருக்க மாட்டார்கள். அந்தச் சாவுகளுக்கான நீதியும் இன்னும் பாக்கி நிற்கிறது.

ஒன்பதாவது, ஜவ்வாதுமலையை அரசியல் சாசனத்தின் ஐந்தாவது அட்டவணைப் பகுதியாக அறிவிக்கவேண்டும். பழங்குடிப் பகுதிகளில் கிராம சபைக்கு உண்மையான அதிகாரம் தரும் சட்டத்தை நாடாளுமன்றம் 1996 டிசம்பரிலேயே இயற்றிவிட்டது. பக்கத்தில் உள்ள ஆந்திரத்தில் அது நடைமுறையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு சிற்றூருக்குக்கூட அது பொருந்தாது, ஏனென்றால் இங்கே அட்டவணைப் பகுதி என்று எதுவுமே அறிவிக்கப்படவில்லை. அறிவிப்பதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. மாநில அரசு முன்மொழிந்தால், குடியரசுத் தலைவரின் ஆணை ஒன்று போதும்.

இந்தச் சாசனத்தை ஜமுனாமரத்தூரிலும் கண்ணமங்கலத்திலும் வாசித்து, கையொப்பமும் கைநாட்டும் வாங்கி மூன்று உறுப்பினர்களிடமும் நேரில் ஒப்படைக்கிறோம். நாடாளுமன்றத்தின் அடுத்த கூட்டத்தொடர் தொடங்கும் நாளுக்குள் பதில் எழுத்தில், தமிழில் வரவேண்டும். வந்த பதிலை, பஸ்ஸுக்கு நிற்கும் மலைக்காரர்களும் படிக்கும்படி, கண்ணமங்கலம் பேருந்து நிலையத்தில் ஒட்டிவைப்போம்.